தண்ணீருக்கு மட்டம் பார்த்த வழி: பிரான்சின் வாய்க்கால் கரையும் திருகோணமலையின் குளக்கட்டும்

பிரான்சின் தெற்கே துலூஸ் நகரத்திலிருந்து ‘கனால் து மிடி’ என்ற வாய்க்காலின் கரையைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் போனால், 240 கிலோமீற்றரில் மத்தியதரைக் கடலோரத்துக் களப்பு ஒன்றுக்கு வந்து சேரலாம். வழியில் ஆக உயரமான இடம் நௌரூஸ் என்ற மேடு. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 190 மீற்றர். துலூஸிலிருந்து அதுவரை 50 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதலான தூரம், ஏற்றமோ 60 மீற்றருக்கும் குறைவு. கணக்குப் பார்த்தால் கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர் மட்டில்தான். திருகோணமலையில் உவர்மலைக்கு ஏறும் சின்ன வீதி கூட இதைவிடக் காலைப் பிடிக்கும்.

அந்த வாய்க்காலை 1666இல் தொடங்கி 1681இல் திறந்தார்கள். பொறுப்பாக நின்ற பியர்-போல் ரிக்கே உப்புவரி வசூலித்துப் பணம் சேர்த்தவர். திறப்பு விழாவுக்குச் சில மாதங்களுக்கு முன்னர், 1680இல் இறந்துபோனார். அவர் நினைத்தது சைக்கிளை அல்ல, சரக்குப் படகை. படகைக் குதிரை கரையில் நடந்து கயிற்றால் இழுக்க வேண்டும். குதிரை நடக்கப் படி இருக்கக்கூடாது, செங்குத்து இருக்கக்கூடாது, கயிறு சிக்கும்படி நீருக்கும் வழிக்கும் இடையில் மரம் மட்டை இருக்கக்கூடாது. ரயிலும் பிறகு லொறியும் வந்து படகுத் தொழில் படுத்தபோது, இத்தனை கவனமாகப் போட்ட வழி கேட்பாரற்றுக் கிடந்தது. இன்று ஐரோப்பாவில் ‘வாகனமில்லாச் சைக்கிள் சுற்றுலா’ என்று பேசுவதில் பெரும்பங்கு இப்படிக் கைவிடப்பட்ட வழிகளுக்கு இரண்டாவது உயிர் கொடுத்ததுதான்.

திருகோணமலை மாவட்டத்தில் வாய்க்கால் கரைக்கும் குளக்கட்டுக்கும் குறைவில்லை. கந்தளாய், தம்பலகாமம், சேருவில, வெருகல் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் அவைதான். ஆனால் பிரான்சுக்காரர் சைக்கிள் ஓடும் முறையை அப்படியே எடுத்து இங்கே வைத்தால் ஒத்துவராது. அங்குள்ள கரை ஓய்வு பெற்றது, இங்குள்ள கரை இன்னும் வேலையில் இருக்கிறது. எந்த மாதம் போவது, எந்தப் பக்கக் கரையில் போவது, யாருக்கு ஒதுங்குவது, எங்கே வழி அறுந்துபோகும் என்பதெல்லாம் இந்த வேறுபாட்டிலிருந்தே வருகின்றன.

படகு வாய்க்காலும் பாசன வாய்க்காலும்

படகு வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதில்லை, நிற்கிறது. ஒரு பூட்டுக்கதவுக்கும் (படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து அடுத்த மட்டத்துக்கு ஏற்றி இறக்கும் அறையின் கதவு) அடுத்த பூட்டுக்கதவுக்கும் நடுவில் நீர் ஒரே மட்டம். ஏற்ற இறக்கம் முழுவதும் அந்தப் பூட்டுகளில்தான். பிரான்சின் புர்கோஞ் பகுதியைக் குறுக்கறுக்கும் வாய்க்காலில் 242 கிலோமீற்றருக்கு 189 பூட்டுகள். சைக்கிள்காரருக்கு இதன் பொருள், கிலோமீற்றர் கணக்கில் சமதரை, பிறகு ஒவ்வொரு பூட்டருகிலும் இரண்டு மூன்று மீற்றர் உயரத்துக்கு ஒரு சிறு திடீர் ஏற்றம், மீண்டும் சமதரை. பூட்டுகள் அடுத்தடுத்து வரும் இடம்தான் மலைப்பகுதி என்பதை வரைபடத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

பாசன வாய்க்கால் வேறு பிறவி. தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ஆனால் அளவோடு. மண் வாய்க்காலில் நீர் விநாடிக்கு ஒரு மீற்றர் வேகத்தை எட்டினால் கரையை அரிக்கத் தொடங்கும். மிக மெல்ல ஓடினால் வண்டல் படிந்து வாய்க்கால் தூர்ந்துபோகும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிறுத்துவதற்காகக் கிலோமீற்றருக்கு 20 முதல் 40 சென்ரிமீற்றர் சரிவு கொடுப்பது வழக்கம். பழைய காலத்தவர் இதைவிட நுணுக்கமாகவும் செய்தார்கள். 5ஆம் நூற்றாண்டில் தாதுசேனன் காலத்தில் கலாவாவியிலிருந்து அனுராதபுரத்துக்கு வெட்டிய 87 கிலோமீற்றர் யோத எல, முதல் 27 கிலோமீற்றர் அளவில் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர்தான் இறங்குகிறது. கந்தளாய்க் குளத்துக்கு மின்னேரியப் பக்கத்திலிருந்து நீர் கொண்டுவந்த வாய்க்காலும் இதே மரபைச் சேர்ந்தது. குளத்தைக் கட்டியவன் குளக்கோட்டன் என்பது கோணேசர் கோயிலைச் சுற்றிய தமிழ் மரபு. சிங்கள மரபு இரண்டாம் அக்கபோதியோடு சேர்த்துச் சொல்லும். யார் கட்டினாலும் மட்டம் பார்த்தவர் கெட்டிக்காரர்.

ஆகவே, ஏற்றம் என்று மட்டும் பார்த்தால் தம்பலகாமத்து வாய்க்கால் கரை பிரான்சின் வாய்க்கால் கரையைவிடத் தட்டை. கால் அறியக்கூடிய சரிவே கிடையாது. நிலம் சட்டென்று தாழும் இடங்களில் மட்டும், தண்ணீர் படிபோல விழுவதற்குச் சீமெந்துக் கட்டு ஒன்று இருக்கும். பிரான்சின் பூட்டுக்கு நம் ஊர் ஈடு அதுதான். அங்கே கரைவழியும் ஒரு மீற்றர் அளவில் இறங்கும். மழைநீர் அந்த இறக்கத்தில் ஓடிக் கிறவலை அரித்து நடுவில் ஒரு ஓடையைக் கிழித்துவிடும். சைக்கிளில் விழுபவர்கள் பெரும்பாலும் விழுவது இப்படிப்பட்ட பத்து மீற்றரில்தான். சீமெந்துக் கட்டைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து, அரிப்பின் ஒரு பக்கத்தைத் தெரிந்தெடுத்து அதிலேயே இறங்க வேண்டும். நடுவில் பக்கம் மாற முயன்றால் முன்சில்லு ஓடைக்குள் போய்விடும்.

எந்தக் கரை என்பதும் முக்கியம். மேட்டு நிலத்தின் விளிம்பைச் சுற்றி வரும் வாய்க்காலுக்கு உயரமான பக்கத்தில் கரை தேவையில்லை, இயற்கை நிலமே போதும். மண் போட்டு உயர்த்திய கரையும் அதன்மேல் போட்ட கிறவல் வழியும் வயல் இருக்கும் தாழ்ந்த பக்கத்தில் இருக்கும். தண்ணீர் ஒரு கையிலும் வயல் மறு கையிலுமாகப் போவது சரியான வழி. தண்ணீருக்கு மறுபக்கம் காடு தொடங்கினால் நீங்கள் நிற்பது சரியான கரை. காட்டுப் பக்கமே நீங்கள் நின்றால், சில நூறு மீற்றரில் அது மாட்டுத் தடமாகிப் பிறகு முள்ளாகி முடியும். அடுத்த பாலத்தில் மறுகரைக்குப் போய்விடுங்கள்.

வழி முடியும் விதமும் வேறு. படகு வாய்க்கால் ஊரையும் ஊரையும் இணைக்கும். பாசன வாய்க்கால் பிரிந்து பிரிந்து சிறுத்து, கடைசியில் யாரோ ஒருவருடைய வயல் வரம்பில் முடிந்துபோகும். அதனால் பெரிய வாய்க்காலின் கரையிலேயே நிற்க வேண்டும், கிளை வாய்க்கால் எவ்வளவு அழகாக வளைந்து அழைத்தாலும். திரும்பும் வழியை வாய்க்காலில் தேடாமல் வயலுக்கு நடுவே போகும் கிராமத்து வீதியில் தேடினால் ஒரு சுற்றுப் பாதை கிடைக்கும்.

திராட்சை சரிவைத் தேடும், நெல் சமதரையைத் தேடும்

புர்கோஞ்சில் வாய்க்காலை விட்டுத் திராட்சைத் தோட்டத்துக்குள் திரும்பியதும் ஏற்றம் தொடங்கிவிடும். இதற்குக் காரணம் கொடி. திராட்சைக்கு வேரில் தண்ணீர் தேங்கக்கூடாது. வெயில் நேராகப் பட வேண்டும். வசந்த காலத்தில் உறைபனிக் காற்று கனமாகக் கீழே வழிந்து போய்விட வேண்டும். மூன்றும் கிடைப்பது சரிவில். அதனால்தான் போன் என்ற ஊரிலிருந்து பொமார், மெர்சோ ஊர்களைத் தொட்டு சாந்த்னே வரை போகும் 20 கிலோமீற்றரளவான ‘திராட்சை வழி’, தோட்டக்காரர்களுக்காகப் போட்ட ஒடுங்கிய வழிகளில் சின்னச் சின்னதாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. அந்த வழிகளில் அறுவடைக் காலத்தில் உழவு இயந்திரத்துக்குத்தான் முதலிடம். வாகனமில்லாத வழி என்றாலும் வேலையில்லாத வழி அல்ல. இந்த ஒரு விடயத்தில் புர்கோஞ்சின் திராட்சை வழி தம்பலகாமத்துக்கு உறவு.

நெல்லுக்கு நேர்மாறு. நீர் நிற்க வேண்டும், ஆகவே நிலம் தட்டையாக வேண்டும். திருகோணமலையில் வாய்க்காலை விட்டு வயலுக்குள் இறங்கினாலும் சமதரைதான். மலை என்றால் சுவாமி மலை, உவர்மலை, கன்னியாவைச் சுற்றிய குன்றுகள் என்று தனித்தனியாக நிற்கும், பயிருக்கு வெளியே. ஐரோப்பியப் பயணி காலையில் வாய்க்காலும் மாலையில் மலையுமாகக் கலந்து ஓடுகிறார். இங்கே மலை ஏற வேண்டுமென்றால் அதற்கென்றே போக வேண்டும். (திராட்சையை முந்திரிகை என்று சொல்லிப் பழகியவர்களுக்கு அந்தக் கொடியைப் பார்க்க ஆசையிருந்தால் யாழ்ப்பாணப் பக்கம் போகலாம். அங்கே அதுவும் பந்தலில், சமதரையில்தான்.)

வாகனமில்லா வழிகளில் மூன்றாவது வகை ஒன்று உண்டு, தண்டவாளம் கழற்றிய ரயில்பாதை. பிரான்சில் ஜிவ்ரிக்கும் க்ளூனிக்கும் இடையில் 44 கிலோமீற்றரை 1997இல் இப்படி மாற்றினார்கள். ரயில் எஞ்சின் ஏற்றத்தை வெறுக்கும் என்பதால் அங்கேயும் சரிவு நூற்றுக்கு ஒன்று, இரண்டுதான். க்ளூனிக்குத் தெற்கே 1.6 கிலோமீற்றர் சுரங்கம் ஒன்றையும் அந்த வழி கடக்கிறது. குளிர்காலத்தில் வௌவால்கள் உறங்குவதற்காக அதை மூடிவிடுவார்கள். திருகோணமலைக்கு 1927இல் வந்த ரயில்பாதை இன்னும் ஓடுகிறது. ஆகவே அதன்மேல் சைக்கிள் ஓட முடியாது, அதில் சைக்கிளை ஏற்றிப் போகலாம். பொதிப்பெட்டி இணைத்த ரயிலா என்று முதல்நாளே நிலையத்தில் கேட்டு, பொதிச்சீட்டு எடுத்துக் கந்தளாயில் இறங்கினால், கந்தளாய், முள்ளிப்பொத்தானை, தம்பலகாமம், சீனக்குடா என்று திரும்பி வரலாம். ஏன் இந்தத் திசை என்பதற்குக் காற்றுத்தான் காரணம்.

இங்குள்ள மலை காற்று

ஆளும் சைக்கிளும் மூட்டையும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நல்ல தார் வீதியில் சில்லு உருள்வதற்கான தடை, 450 கிராம் எடையைத் தொங்கவிட்டுப் பின்னுக்கு இழுப்பதற்குச் சமம். இறுகிய கிறவலில் 700 கிராம். உதிர்ந்த கிறவலில் ஒன்றரைக் கிலோவுக்கு மேல். நூற்றுக்கு ஒரு மீற்றர் ஏற்றம் வந்தால் இதோடு 900 கிராம் கூடும். காற்றில்லாத நேரத்தில் மணிக்கு 15 கிலோமீற்றர் ஓடும்போது காற்றின் தடை 600 கிராம் அளவில் நிற்கும். அதே வேகத்தில் மணிக்கு 20 கிலோமீற்றர் எதிர்க்காற்று வீசினால் அது மூன்றேகால் கிலோவாகிவிடும். அதாவது கூடுதலாக நூற்றுக்கு மூன்று மீற்றர் ஏற்றத்தை விடாமல் ஏறுவதற்குச் சமம். மலையென்றால் உச்சி வரும், பிறகு இறக்கம் வரும். காற்றுக்கு உச்சி கிடையாது.

மே முதல் செப்ரெம்பர் வரை கிழக்கில் கச்சான் வீசும். கொறிக்கிற கச்சானல்ல, மேற்குப் பக்கமிருந்து காய்ந்து வரும் காற்று. திருகோணமலை நகரிலிருந்து கந்தளாய் தென்மேற்கே இருப்பதால், நகரிலிருந்து கிளம்புகிறவர் 40 கிலோமீற்றரும் அதன் முகத்தில் ஓட வேண்டும். கந்தளாயிலிருந்து தொடங்குகிறவருக்கு அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். ரயில் கிடைக்காவிட்டால் விடிய ஐந்தே முக்காலுக்கே கிளம்பி, காற்று எழுவதற்குமுன் எதிர்த்திசைப் பகுதியை முடித்துவிட வேண்டும். குளக்கட்டின்மேல் காற்று இன்னும் மோசம். ஒரு பக்கம் கிலோமீற்றர் கணக்கில் வெறும் தண்ணீர், தடுக்க எதுவுமில்லை. பக்கக் காற்றில் கரியரின் மேல் உயர்த்திக் கட்டிய மூட்டை பாய்மரம்போல வேலை செய்யும். மூட்டையை இரண்டாகப் பிரித்துச் சில்லின் இருபக்கமும் தாழ்வாகத் தொங்கவிட்டால் சைக்கிள் தள்ளாடாது. கடையில் பை வாங்க வேண்டியதில்லை. கழுவிய இரண்டு உரப்பை, உள்ளே ஒரு பொலித்தீன், பழைய ரியூப்பை நீளவாட்டில் வெட்டிய பட்டி போதும். பை பின்னுக்குத் தள்ளியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பெடலைச் சுற்றும்போது குதிக்காலுக்கும் பைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி வேண்டும். பைக்குள் அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றினால் பின்சில்லுக் கம்பிகள் ஒவ்வொன்றாகப் போகத் தொடங்கும், அதுவும் செயின் இருக்கும் பக்கத்துக் கம்பிகள். அந்தப் பக்கத்தில் கம்பிகள் கூடுதல் இறுக்கத்தோடு நிமிர்ந்து நிற்பதுதான் காரணம்.

கியர் பற்றிக் கவலை வேண்டாம். முன்பல் 44, பின்பல் 18 உள்ள சாதாரணப் பெரிய சைக்கிளில் ஒரு மிதிக்கு ஐந்தரை மீற்றர் அளவு நகரும். நிமிடத்துக்கு 50 மிதி என்றால் மணிக்கு 16 கிலோமீற்றர். வாய்க்கால் கரைக்கு அது கச்சிதம். எதிர்க்காற்றில் மட்டும் கஷ்டம், அதற்கும் நேரத்தால் பதில் சொல்லிவிடலாம். கியர் சைக்கிள் தேவைப்படுவது கோணேசர் கோயில் ஏற்றத்துக்கும் புர்கோஞ்சுக்கும்.

போகம் பார்த்துப் புறப்படுதல்

பெரும்போகத்தில் ஒக்ரோபர், நவம்பரில் விதைத்து பெப்ரவரி, மார்ச்சில் வெட்டுகிறார்கள். சிறுபோகம் ஏப்ரல், மே தொடங்கி ஓகஸ்ற், செப்ரெம்பரில் முடியும். சைக்கிள் நாட்காட்டியும் இதுதான்.

நவம்பர், டிசம்பரில் வாடைமழை. கரையின் களிமண் ரயருக்கும் மட்கார்ட்டுக்கும் நடுவில் அடைந்து, நூறு மீற்றரில் சில்லு சுற்றாமல் நின்றுவிடும். தள்ளவும் முடியாது, தூக்கவும் முடியாது. அந்த மாதங்களில் போகவே வேண்டுமென்றால் முன் மட்கார்ட்டைக் கழற்றிவிட்டு, சுரண்ட ஒரு தடி வைத்துக்கொள்ள வேண்டும். உழவுக் காலத்தில் இரும்புச் சில்லுப் பூட்டிய உழவு இயந்திரங்கள் கரையில் ஓடி விட்ட தடம், மழை நின்றதும் வெயிலில் காய்ந்து கல்லாகிவிடும். ஜனவரி நடுப்பகுதி வரை அந்த வரிகள்மேல் ஓடினால் கைமூட்டு கழன்றுவிடும். பிறகு வாகனம் ஓடி ஓடி மட்டமாகும்.

ஆக நல்ல காலம் ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை. வெயில் இன்னும் ஏறவில்லை, வயல் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறுகிறது, கரை இறுகியிருக்கிறது. ஒரே இடைஞ்சல், அறுவடை தொடங்கியதும் தார் வீதியின் அரைவாசியில் நெல் காயும். அதன்மேல் சைக்கிள் ஏற்றக்கூடாது என்று யாரும் பலகை போட்டிருக்க மாட்டார்கள், சொல்லத் தேவையுமில்லை. சிறுபோகத்தில், மே முதல் ஜூலை வரை, வயல் முழுக்கக் குளத்தை நம்பியிருப்பதால் வாய்க்கால் நிரம்பி ஓடும். பார்க்க அழகு, ஆனால் கச்சானும் 34, 35 பாகை வெயிலும். காலை பத்து மணிக்குள் முடித்துக்கொள்கிறவர்களுக்கு மட்டும். செப்ரெம்பரில் வாய்க்காலில் தண்ணீர் நிற்காது, கரையில் துப்புரவு வேலை நடக்கும்.

நிழல் பற்றி ஒரு வார்த்தை. கனால் து மிடியின் பெயர் பெற்ற மரவரிசையை 2006இலிருந்து ஒரு பூஞ்சை நோய் தின்றுவருகிறது. ஆயிரக்கணக்கில் வெட்டி வேறு மரங்கள் நட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த மரங்களின் வேர் கரைவழியை உயர்த்தி மேடுபள்ளமாக்கியிருப்பது அங்கே ஓடுகிறவர்களின் நிரந்தர முறைப்பாடு. இங்கே பழைய வாய்க்கால்களில் மருதமரம் நிற்கும் இடங்களில் குளுமை உண்டு, புதுக்கரைகளில் ஒரு குச்சி நிழலும் இல்லை. மணிக்கு முக்கால் லீற்றர் தண்ணீர் கணக்கில் எடுங்கள், வெயில் ஏறினால் ஒரு லீற்றர். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உப்பு இறங்கித் தலை சுற்றும். தேசிக்காயும் உப்பும் சீனியும், அல்லது தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூளான ஜீவனி ஒரு பைக்கற். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கும் அடியார்கள் மே, ஜூன் வெயிலில் திருகோணமலை, மூதூர், வெருகல் வழியாகத்தான் போகிறார்கள். அவர்கள் தங்கும் கோயில் கிணறுகளின் வரிசை, தண்ணீர் நிரப்புவதற்கு எந்த வரைபடத்தையும்விட நம்பகமானது.

முள், ரயர், வால்வ்

பிரான்சின் கரையில் பஞ்சர் என்றால் கண்ணாடித் துண்டு. இங்கே நெருஞ்சி. காய்ந்த குளக்கட்டின் ஓரத்தில் படர்ந்து கிடக்கும். எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே நோக்கி நிற்கும்படி அதன் காய் அமைந்திருக்கிறது. கரையின் நடுப்பகுதியிலும் விளிம்பிலும் அது வளரும், சில்லுத் தடத்தில் வளராது. ஆகவே இரண்டு தடத்தில் ஒன்றை விட்டு விலகாமல் ஓடினாலே பாதிப் பஞ்சர் குறையும். ஒதுங்கி நின்று தண்ணீர் குடிக்கும்போது சைக்கிளைப் புல்லுக்குள் சாய்ப்பதுதான் பலர் செய்யும் பிழை.

ஒட்டுப் போடுவது எல்லோருக்கும் தெரியும், ஆனால் ஒட்டுக் கழன்றுபோவதும் எல்லோருக்கும் தெரியும். காரணம் அவசரம். சொலூசனைப் பூசி, அதன் மினுமினுப்பு முற்றாக மங்கும்வரை, ஐந்து நிமிடமாவது, விட வேண்டும். ஈரத்தில் ஒட்டினால் உள்ளே அடைபட்ட கரைப்பான் வெயிலில் ஆவியாகி ஒட்டைத் தூக்கிவிடும். ஒட்டுமுன் ரயரின் உட்புறத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். ஒரு முள் எடுத்தால் இன்னொரு முள் இருக்கும். திறந்த சொலூசன் குப்பி இந்த வெக்கையில் ஒரு மாதம்கூடத் தாங்காது. புதுக்குப்பியோடுதான் புறப்பட வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை தெரிந்தால் அது முள்ளல்ல, காற்றுக் குறைவாக இருந்து சில்லு கல்லில் மோதி ரிம் கடித்தது. 40 மில்லிமீற்றர் ரயருக்கு, 75 கிலோ ஆளுக்கு, பின்னுக்கு 45 முதல் 50 பீஎஸ்ஐ, முன்னுக்கு 35 முதல் 40 போதும். வெயிலில் காற்று விரிந்து ரயர் வெடிக்கும் என்ற பயத்தில் காற்றை இறக்கிவிடுகிறார்கள். 25 பாகையிலிருந்து 50 பாகைக்குச் சூடானாலும் 45 இருந்த இடத்தில் 50 ஆகுமே தவிர வேறொன்றும் ஆகாது. வெடிப்பது வெடிப்பு விட்ட பழைய ரயர், சூடு சாட்டு.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் கொண்டுவரும் சைக்கிளில்தான் பெரிய சிக்கல். அதன் சில்லு 700சி, ரயர் உட்காரும் விட்டம் 622 மில்லிமீற்றர். கிராமத்துக் கடையில் ‘28 அங்குலம்’ என்று கேட்டால் தருவது பெரிய சைக்கிளுக்கான 28க்கு 1½, விட்டம் 635. பார்வைக்கு ஒன்று, பொருத்தினால் ரிம்மில் தொளதொளவென்று நிற்கும். இருபத்தாறு அங்குல மவுண்டன் சைக்கிள் ரயர், விட்டம் 559, தேடுவதற்குச் சுலபம். அந்த வகைச் சைக்கிள் இந்த ஊருக்குப் புத்திசாலித்தனம். 700சிதான் என்றால் ஒரு ரயரும் இரண்டு ரியூப்பும் கூடவே வர வேண்டும். ஒடுங்கிய பிரெஞ்சு வால்வ் நம் பம்பின் வாய்க்குப் பொருந்தாது. ஒரு சின்னப் பித்தளைத் தொப்பி அதைச் சரிசெய்யும், ஆனால் அது கையில் இல்லாத இடத்தில்தான் தேவைப்படும். வால்வில் திருகியே வைத்துவிடுவது நல்லது.

யாருடைய கரை

பிரான்சில் ‘பச்சை வழி’ என்று பலகை போட்டால், இயந்திரம் பூட்டிய வாகனத்துக்கு அங்கே இடமில்லை என்பது வீதிச் சட்டம். நமது குளக்கட்டும் பெரிய வாய்க்கால் கரையும் பெரும்பாலும் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளவை, உலாவுக்கென ஒதுக்கப்பட்டவை அல்ல. கந்தளாய்க் குளக்கட்டு நாலு கிலோமீற்றருக்கு மேல் நீளமும் 15 மீற்றர் உயரமும் கொண்டது. 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் அது உடைந்து 120 பேருக்கு மேல் இறந்தார்கள். பாரவாகனங்கள் கட்டின்மேல் ஓடியதும் காரணங்களில் ஒன்றாகப் பேசப்பட்டது. 2006 ஜூலையில் மாவிலாற்றுத் துருசு (தண்ணீரைத் திறந்துவிடும் மதகு) மூடப்பட்டதைத் தொடர்ந்து போர் மறுபடி மூண்டது. இந்தப் பின்னணியில், துருசுக்கும், மிகைநீர் வழிந்தோடும் வானுக்கும் பக்கத்தில் அறிமுகமில்லாத ஒருவர் நின்று படமெடுத்தால் கேள்வி வருவது இயல்பு. வயலுக்கு நீர் பங்கிடுவதைக் கவனிக்கும் வட்டவிதானையாரிடமோ நீர்ப்பாசனக் காரியாலயத்திலோ ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனால் கேள்வியே வராது, எந்தக் கரை உடைந்திருக்கிறது என்ற தகவலும் கிடைக்கும்.

வாய்க்கால் துறையில் குளிக்கும் நேரம் காலை ஏழுக்கு முன்னும் மாலை நாலுக்குப் பின்னும். தூரத்திலேயே மணி அடித்து, இறங்கி நடந்து கடக்க வேண்டும். தொலைபேசி பையில் இருக்கட்டும். வெயிலில் நீங்களும் முகம் கழுவ ஆசைப்படலாம். ஆனால் கை காலில் காயமிருந்தால் வயல் நீரைத் தொடாதீர்கள், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது. புல்லும் நாணலும் அடர்ந்த ஆழமான ஓரத்தில் முதலை இருக்கலாம். மக்கள் குளிக்கும் துறை எதுவோ அதுவே உங்களுக்கும் துறை.

யானை கந்தளாய்ப் பக்கத்துக்கும் சேருவிலப் பக்கத்துக்கும் பொது. மாலை நாலரைக்குக் கரையை விட்டு ஊருக்குள் வந்துவிட வேண்டும். ஈரமான இலத்தி, புதிதாய் முறிந்த கிளை கண்டால் முன்னேற வேண்டாம். யானையைக் கடந்து போய்விடலாம் என்று மிதிப்பதுதான் ஆபத்து. கிறவலில் 15 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறவரை அது இலகுவாகப் பிடித்துவிடும். மின்வேலிக் கதவைக் கடந்தால் மின்சாரம் கடத்தாத பிடியைப் பிடித்துத் திறந்து, பின்னால் மறக்காமல் மாட்டிவிடுங்கள். ஒரு இரவு அது திறந்து கிடந்தால் போவது யாரோ ஒருவருடைய முழுப்போகம்.

இந்தச் சிக்கல்கள் குறைவாக உள்ள சுற்று என்றால் தம்பலகாமம்தான். ரயில் நிலையம் உண்டு, ஆதிகோணநாயகர் கோயிலடியில் நிழலும் தண்ணீரும் உண்டு, வயல்வெளி வீதிகளில் ஒரு காலைக்குள் 25 கிலோமீற்றர் சுற்றி வரலாம். மூதூர், சேருவில, வெருகல் பக்கத்து அல்லை வாய்க்கால்கள் இரண்டு நாள் வேலை. அதற்குக் கிண்ணியா வழியாகப் போக வேண்டும். 2009இல் 396 மீற்றர்ப் பாலம் திறக்கும்வரை அங்கே ‘பாதை’ என்றால் மிதவைதான், சைக்கிளையும் அதில் ஏற்றித்தான் கடந்தார்கள். இப்போது பாலத்தில் பஸ்ஸோடும் லொறியோடும் ஓட வேண்டும். வாகனமில்லா வழியைத் தேடிப் போகிறவர் வாகனத்தோடு கழிக்க வேண்டிய நேரம் இது. விடியற்காலையில் கடப்பது நல்லது. ஏ-15 வீதியில் பின்னால் பார்க்கும் கண்ணாடி ஒன்று ஹாண்டிலில் இருந்தால் பயம் பாதியாகும்.

கிண்ணியா, மூதூர்ப் பக்கம் போய் வந்தால் அன்றிரவே செயினையும் ரிம்மையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு துளி எண்ணெய் விட்டு, மேலால் இருப்பதைத் துணியால் துடைத்துவிட வேண்டும். களப்பு உப்பும் கிறவல் தூசும் சேர்ந்தால் இரண்டு நாளில் செயின் சிவந்து இறுகிவிடும். மேலே மிஞ்சும் எண்ணெயில் தூசு ஒட்டி அதுவே அரத்தாளாக வேலை செய்யும்.